அழிய மறுக்கும் கோப்பு: மெமரி கார்டில் உள்ள பதிவுகளைக் காப்பது எப்படி?

கிராமத்தில் ஒரு காரியம் நடந்தது என்றால், அதற்குச் சான்று வேண்டும். முற்காலத்தில் கணக்கு நோட்டும், கையொப்பமும், பெருவிரல் ரேகையுமே அச்சான்றாக விளங்கின. இன்று அவற்றோடு புகைப்படமும் சேர்ந்திருக்கிறது. ஒரு குளத்தைத் தூர் எடுப்பதற்கு முன் ஒரு படமும், வேலை நடக்கும்பொழுது ஒரு படமும், வேலை முடிந்தபின் ஒரு படமும் எடுத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையின் நடவடிக்கைகளையும் நாம் படமெடுத்து வைக்கிறோம். உழவர்களும் வெள்ளத்தில் மூழ்கிய பயிரையும், பூச்சி அரித்த இலையையும், நிலப் பத்திரங்களையும் கைபேசியில் படமாகச் சேர்த்து வைக்கிறார்கள்.

இப்பதிவுகளுள் பல, காமிராவிலும் கைபேசியிலும் நாம் செருகும் மெமரி கார்டு என்னும் சிறிய அட்டையில் தங்குகின்றன. அவ்வட்டையில் ஒரு நாள் ஒரு கோப்பு கெட்டுவிடுகிறது. படம் திறப்பதில்லை. பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் காணப்படுகின்றன. சில வேளைகளில் அந்த ஒரு கோப்பின் அளவு, அட்டையின் முழுக் கொள்ளளவையும் விஞ்சியதாகக் காட்டப்படுகிறது. அதனை நீக்கிவிடலாம் என்று முயன்றால் நீங்குவதில்லை. அல்லது நீங்கியதாகப் போக்குக் காட்டி, அட்டையைக் கழற்றி மறுபடியும் மாட்டியவுடன் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது.

இந்நிலையில் நம்மில் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்துவிடுகிறோம். ஒன்று, யாரோ சொன்னார்கள் என்று அட்டை முழுவதையும் ‘ஃபார்மட்’ செய்துவிடுவது. கெட்ட கோப்பு ஒன்றைப் போக்குவதற்காக நல்ல கோப்புகள் நூற்றையும் இழந்துவிடுகிறோம். மற்றொன்று, ‘ஒரு படம்தானே, கிடக்கட்டும்’ என்று விட்டுவிட்டு, அதே அட்டையில் மேலும் மேலும் படம் எடுப்பது. இதனால் கேடு நாளுக்கு நாள் பரவுகிறது.

அழிய மறுக்கும் கோப்பு, அட்டைக்கு வந்துள்ள நோயைக் காட்டும் அறிகுறியாகும். உடம்பு சுடுகிறது என்றால் எதனால் சுடுகிறது என்று மருத்துவர் முதலில் கேட்பதுபோல, கோப்பு ஏன் அழியவில்லை என்று நாமும் முதலில் கேட்க வேண்டும். அதற்கு முன்பாக, நல்ல கோப்புகளை வேறோர் இடத்திற்கு மாற்றிவிட வேண்டும். முதலில் காப்பது, பிறகே அழிப்பது என்னும் இம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டையின் அமைப்பு

இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் அட்டை ‘எஸ்.டி.’ என்னும் வகையைச் சேர்ந்தது. 1999-ஆம் ஆண்டில் மட்சுஷிட்டா, சான்டிஸ்க், டோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் ஒன்றுகூடி இதன் அமைப்பை வகுத்தன. காமிராவில் இடும் பெரிய அட்டை 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கைபேசியில் இடும் மைக்ரோ எஸ்.டி. அட்டை 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் கனமும் மட்டுமே கொண்டது.

இவ்வட்டைக்குள் இருப்பது ‘ஃபிளாஷ்’ என்னும் நினைவகம். டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் ஜப்பானியப் பொறியாளர் 1980-களில் இதனைக் கண்டறிந்தார். ஒரு சிறு சிலிக்கான் தகட்டில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் அமைந்துள்ளன. ஒவ்வோர் அறையிலும் மின்துகள்களை அடைத்து வைப்பதன் மூலம் செய்தி பதிவாகிறது. மின்சாரம் நின்ற பிறகும் அத்துகள்கள் அறைக்குள்ளேயே தங்குவதால்தான், அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தாலும் படங்கள் அழிவதில்லை.

இந்த அறைகளில் எழுதுவதற்கு ஒரு முறையும் அழிப்பதற்கு வேறொரு முறையும் உண்டு. எழுதும்பொழுது சிறு சிறு பகுதிகளாக எழுதலாம். அழிக்கும்பொழுதோ பல பகுதிகள் அடங்கிய ஒரு பாத்தி முழுவதையும் ஒருசேர அழிக்க வேண்டும். அவ்வாறு அழிக்குந்தோறும் அறைகளின் காப்புப் படலம் சிறிது தேய்கிறது. ஆகையால் ஒவ்வொரு பாத்திக்கும் ஆயுள் உண்டு. தேய்மானம் ஓரிடத்திலேயே விழாமல் எல்லாப் பாத்திகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதற்கென்று அட்டைக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. கெட்டுப்போன பாத்திக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்கென்று சில பாத்திகளையும் அது கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. இக்கையிருப்பு தீர்ந்துபோனால் என்ன நிகழும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிலமும் பதிவேடும்

அட்டையில் கோப்புகள் இருக்கும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நம் கிராமத்து நிலங்களுக்குப் புல எண்கள் இருக்கின்றன. எந்த எண்ணுள்ள நிலம் யாருக்கு உரியது என்பது பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. நிலம் வேறு, பதிவேடு வேறு. பதிவேட்டில் ஓர் ஏட்டைக் கறையான் அரித்துவிட்டால், நிலம் எங்கும் போய்விடுவதில்லை. அது யாருடையது என்று சொல்லுவதற்குத்தான் வழியில்லாமல் போகிறது.

அட்டையும் இவ்வாறே எண்ணிட்ட சிறு சிறு நிலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு படம் பல நிலங்களில் பரவிக் கிடக்கும். அதற்கென்று இரண்டு பதிவேடுகள் உண்டு. முதல் பதிவேட்டில் கோப்பின் பெயரும், அளவும், தேதியும், அது தொடங்கும் நிலத்தின் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது பதிவேட்டில், ஒரு நிலத்திற்கு அடுத்து எந்த நிலத்திற்குச் செல்ல வேண்டும் என்ற தொடர் எழுதப்பட்டிருக்கும். 1977-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் தோன்றிய ‘ஃபேட்’ என்னும் முறையின் சாரம் இதுவே. 4 முதல் 32 ஜி.பி. வரை கொள்ளும் எஸ்.டி. அட்டைகள் அம்முறையின் ‘ஃபேட் 32’ என்னும் வடிவத்தையும், அதற்கு மேற்பட்ட அட்டைகள் ‘எக்ஸ்ஃபேட்’ என்னும் வடிவத்தையும் பின்பற்றுகின்றன.

ஒரு கோப்பை நாம் நீக்கும்பொழுது நிகழ்வது யாது? நிலத்தை யாரும் உழுது புரட்டுவதில்லை. பதிவேட்டில் அப்பெயரின் மேல் ஓர் அடையாளக் குறி இடப்படுகிறது. அந்நிலங்கள் காலி என்று எழுதப்படுகின்றன. அவ்வளவே. வேறொரு படம் வந்து அந்நிலத்தில் குடியேறும் வரையில், பழைய படத்தின் செய்தி பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். இவ்வுண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். இழந்த படங்களை மீட்பதற்கும், பழைய அட்டையைப் பிறர் கையில் கொடுக்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி, கோப்பு எவ்வாறு கெடுகிறது என்று பார்ப்போம். காமிரா ஒரு படத்தை எழுதிக்கொண்டிருக்கும்பொழுது அட்டையை உருவிவிட்டாலும், பாட்டரி தீர்ந்துவிட்டாலும், நிலத்தில் பாதி எழுதியும் பதிவேட்டில் எழுதாமலும் வேலை நின்றுவிடுகிறது. அல்லது பதிவேட்டின் ஒரு வரியில் பிழையான எழுத்துகள் விழுந்துவிடுகின்றன. ஒரே நிலத்திற்கு இருவர் உரிமையாளர்கள் என்று எழுதப்படுவதும் உண்டு. உரிமையாளரே இல்லாத நிலங்கள் தோன்றுவதும் உண்டு.

கோப்பு ஏன் அழிய மறுக்கிறது?

இதற்குரிய காரணங்களை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, பூட்டு. பெரிய எஸ்.டி. அட்டையின் விளிம்பில் ஒரு சிறு தள்ளுவிசை இருக்கிறது. அது பூட்டு நிலைக்கு நகர்ந்திருந்தால் அட்டையில் எதையும் எழுதவோ நீக்கவோ இயலாது. மைக்ரோ அட்டையில் இவ்விசை இல்லை. ஆனால் அதனைச் செருகும் அடாப்டரில் உண்டு. செருகும்பொழுதே இவ்விசை நகர்ந்துவிடுவதுமுண்டு.

இரண்டாவது, கோப்பு பயன்பாட்டில் இருத்தல். ஏதேனும் ஒரு செயலி அப்படத்தைத் திறந்து வைத்திருக்குமானால், கணினி அதனை நீக்க இசைவு தராது.

மூன்றாவது, பதிவேட்டுப் பிழை. பெயர் இருக்க வேண்டிய வரியில் கேள்விக்குறி, சாய்கோடு முதலிய குறிகள் புகுந்துவிட்டால், அவை கோப்பின் பெயரில் வரத் தகாதவை ஆதலால், ‘இன்ன பெயருள்ள கோப்பை நீக்கு’ என்று நாம் இடும் கட்டளையை நிறைவேற்றக் கணினிக்கு வழி இல்லை. பட்டியலில் வாசிக்கவே முடியாத ஒரு பெயரை அடித்துவிடு என்று சொல்வதை ஒத்தது இது. அன்றியும், பதிவேட்டில் பிழை கண்டவுடன் மேலும் கேடு நேராவண்ணம், அட்டை முழுவதையும் ‘படிக்க மட்டும்’ என்ற நிலைக்கு மாற்றிவிடும் வழக்கம் லினக்ஸ் முறையில் இயங்கும் கருவிகளுக்கு உண்டு.

நான்காவது, அட்டையின் ஆயுள் முடிதல். கையிருப்புப் பாத்திகள் தீர்ந்தபின், உள்ளவற்றையேனும் காப்பாற்றும் பொருட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதும் வேலையை நிறுத்திவிடக்கூடும். அந்நிலையில் நீக்கிய கோப்பு நீங்கியதாகத் தோன்றும்; அட்டையைக் கழற்றி மாட்டினால் மீண்டும் இருக்கும்.

ஐந்தாவது, போலி அட்டை. உள்ளே 8 ஜி.பி. மட்டுமே இடம் இருக்க, வெளியே 128 ஜி.பி. என்று அச்சிட்டு விற்கப்படும் அட்டைகள் உண்டு. கணினியிடமும் அவை பொய்யான அளவையே தெரிவிக்கும். உண்மையான இடம் நிறையும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன் பிறகு எழுதப்படும் படங்கள் யாவும் பெயரளவில் இருக்கும். திறந்தால் ஒன்றும் இராது.

முதற்கடமை: காத்தல்

கெட்ட கோப்பு கண்ணில் பட்டவுடன், அவ்வட்டையில் படம் எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். காமிராவையோ கைபேசியையோ முறைப்படி அணைத்து, அட்டையை வெளியே எடுக்க வேண்டும். பூட்டு விசை இருந்தால் அதனைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிடலாம். மைக்ரோ அட்டையை அடாப்டரில் இட்டு, அதன் விசையைத் தள்ளலாம். முன்னே இடையூறாகக் கூறிய அப்பூட்டே, இப்பொழுது தவறுதலாக எதுவும் எழுதப்படாமல் காக்கும் துணையாகிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2015-இல் வெளிவந்த ஆண்டிராய்டு 6 முதல், சில கைபேசிகளில் அட்டையைக் கைபேசியின் உள் நினைவகமாகவே இணைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அவ்வாறு இணைக்கப்பட்ட அட்டை மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அதனை வேறெந்தக் கருவியிலும் படிக்க இயலாது. அத்தகைய அட்டையைக் கழற்றாமல், கைபேசியைக் கம்பி வழியாகக் கணினியோடு இணைத்தே படங்களை எடுத்தல் வேண்டும்.

அட்டையைக் கார்டு ரீடரில் இட்டுக் கணினியில் செருகியதும், ‘இதனை ஃபார்மட் செய்ய வேண்டுமா?’ என்றோ, ‘பிழைகளைச் சரிசெய்யலாமா?’ என்றோ கணினி கேட்கக்கூடும். இரண்டிற்கும் அப்பொழுது இசைய வேண்டாம். காமிராவின் படங்கள் ‘டி.சி.ஐ.எம்.’ என்ற பெயருள்ள உறையில் இருக்கும். அவ்வுறையைத் திறந்து, படங்களைச் சிறு சிறு தொகுதிகளாகக் கணினிக்குப் பிரதி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் எடுக்க முயன்றால், கெட்ட கோப்பு வந்த இடத்தில் வேலை முழுவதும் நின்றுவிடக்கூடும். அக்கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடரலாம்.

பிரதி எடுத்தாயிற்று என்பதனால் மட்டும் கடமை முடிந்துவிடவில்லை. கணினியில் உள்ள பிரதிகளுள் சிலவற்றையேனும் திறந்து பார்த்து, எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகே அடுத்த படிக்குச் செல்லலாம்.

அகற்றும் முறை

நல்ல கோப்புகள் வேறிடம் சேர்ந்துவிட்டமையால், இனி அச்சமின்றிப் பிழையைக் களையலாம். எளியதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாகச் செல்லுதல் வேண்டும். எந்தப் படியில் கோப்பு நீங்குகிறதோ அங்கேயே நின்றுவிடலாம்.

1. பூட்டு விசையைத் திறந்த நிலைக்குத் தள்ளி, கோப்பை மறுபடியும் நீக்கிப் பார்க்க வேண்டும். அடாப்டர் பழுதாகவும் இருக்கலாம். வேறோர் அடாப்டரையும் வேறொரு ரீடரையும் முயல்வது நல்லது.

2. கணினியில் திறந்துள்ள செயலிகளை மூடிவிட்டு, கணினியை அணைத்து மீண்டும் இயக்கி முயல வேண்டும். கைபேசியில் நீங்காத கோப்பு கணினியில் நீங்குவதும் உண்டு.

3. பிறகு பதிவேட்டைச் சீர்செய்ய வேண்டும். விண்டோஸ் கணினியில் அட்டையின் அடையாளத்தின் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’ என்பதையும், அதில் ‘டூல்ஸ்’ என்பதையும், அதில் ‘செக்’ என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மக்கின்டாஷ் கணினியில் ‘டிஸ்க் யுடிலிட்டி’ என்னும் செயலியில் உள்ள ‘ஃபர்ஸ்ட் எய்டு’ இவ்வேலையைச் செய்யும். கணினி பதிவேட்டை வரிவரியாகச் சோதித்து, வாசிக்க இயலாத பெயர்களையும், இருவருக்கு உரியதாக எழுதப்பட்ட நிலங்களையும் ஒழுங்கு செய்யும். உரிமையாளர் இல்லாத நிலங்களில் கிடந்த செய்தியை, விண்டோஸ் ஒரு தனி உறையில் ‘ஃபைல்’ என்ற சொல்லும் எண்ணும் கொண்ட புதுப் பெயர்களோடு சேர்த்து வைப்பதும் உண்டு. அவ்வேலை முடிந்தபின், பிடிவாதமாக நின்ற கோப்பு தானே நீங்கியிருக்கும். அல்லது நீக்கினால் நீங்கும்.

நல்ல கோப்புகளைப் பிரதி எடுக்குமுன் இந்தப் படிக்கு வரலாகாது என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பதிவேட்டைச் சீர்செய்யும் வேலையில் படங்களின் நலனைக் கணினி பார்ப்பதில்லை. கணக்கு நேராக வேண்டும் என்பதையே பார்க்கிறது. கணக்கை நேராக்குவதற்காக ஒரு படத்தைப் பாதியில் வெட்டிவிடவும் அது தயங்காது.

4. இதனாலும் நீங்காவிட்டால், அட்டை முழுவதையும் ஃபார்மட் செய்யலாம். இது பழைய பதிவேட்டை நீக்கிவிட்டுப் புதிய பதிவேடு திறப்பதாகும். அட்டையை எந்தக் காமிராவில் பயன்படுத்தப் போகிறோமோ அந்தக் காமிராவிலேயே ஃபார்மட் செய்வது சிறந்தது. கணினியில் செய்வதாயின், எஸ்.டி. அசோசியேஷன் இலவசமாக வழங்கும் ‘எஸ்.டி. மெமரி கார்டு ஃபார்மேட்டர்’ என்னும் செயலியைப் பயன்படுத்தலாம்.

5. ஃபார்மட் செய்தபின் அட்டையைக் கழற்றி, மீண்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். வெற்று அட்டையாக இருந்தால் பிழை பதிவேட்டோடு ஒழிந்தது என்று கொள்ளலாம். பழைய கோப்புகள் யாவும் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் தோன்றினால், அட்டையின் ஆயுள் முடிந்தது என்று அறிய வேண்டும்.

ஆயுள் முடிந்த அட்டையை எந்தச் செயலியாலும் இளமையாக்க இயலாது. அதனோடு போராடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அது எழுத மறுத்தாலும் படிக்க இடங்கொடுக்கும் வரையில், அதனிடமிருந்து பெற வேண்டியவற்றைப் பெற்றுக்கொண்டு ஒதுக்கிவிடுவதே முறை.

இழந்த படங்களை மீட்டல்

முன்னரே ஃபார்மட் செய்துவிட்டவர்களும், தவறுதலாக நீக்கிவிட்டவர்களும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பதிவேடு போனாலும் நிலம் இருக்கிறது என்பதை மேலே கண்டோம். பதிவேட்டைப் பாராமல், நிலத்தை அடி அடியாகச் சோதித்துப் படங்களைக் கண்டெடுக்கும் செயலிகள் உண்டு. ‘ஃபோட்டோரெக்’ என்பது அவற்றுள் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. காமிராக்கள் வழக்கமாக எழுதும் ‘ஜேபெக்’ வகைப் படங்கள் யாவும் ஒரே விதமான தொடக்கக் குறியோடு ஆரம்பிக்கின்றன. அக்குறி எங்கெங்கே இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து படத்தை இச்செயலி எடுத்துக்கொடுக்கிறது. படத்தின் பழைய பெயர் கிடைக்காது. ஆனால் காமிரா படத்திற்குள்ளேயே எழுதிய தேதியும் நேரமும் பெரும்பாலும் கிடைக்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. படங்கள் போனபின் அவ்வட்டையில் புதிதாக எதுவும் எழுதியிருக்கக் கூடாது. எழுதிய அளவுக்குப் பழைய படங்கள் அழிந்திருக்கும். மீட்கும் படங்களையும் அதே அட்டையில் சேர்க்கலாகாது; கணினியிலேயே சேர்க்க வேண்டும். அட்டையைச் செருகினால் கணினி அதனை அறவே கண்டுகொள்ளவில்லை என்றால், பழுது கட்டுப்பாட்டுச் சில்லிலோ தொடுமுனைகளிலோ இருக்கலாம். அதனை இத்தகைய செயலிகளால் தீர்க்க இயலாது.

வருமுன் காக்கும் வழிகள்

மேற்கூறியவை யாவும் கேடு வந்தபின் செய்ய வேண்டியவை. கேடு வராமல் காப்பதே சிக்கனமானது. அதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் தேவையில்லை. சில பழக்கங்களே போதும்.

காமிராவை அணைத்த பிறகே அட்டையை எடுக்க வேண்டும். கணினியில் ‘எஜெக்ட்’ என்பதையும், கைபேசியில் அதற்கு நிகரான கட்டளையையும் கொடுத்த பிறகே கழற்ற வேண்டும். பாட்டரி தீரும் தறுவாயில் படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரே அட்டையைக் காமிராவிலும், கைபேசியிலும், கடைக் கணினிகளிலும் மாற்றி மாற்றிச் செருகுவது நல்லதன்று. கோப்புகளை மறைத்து வைக்கும் வைரஸ்கள் இவ்வழியாகவே பரவுகின்றன.

புதிய அட்டை வாங்கியவுடன், பயன்படுத்துமுன் அதன் உண்மையான கொள்ளளவைச் சோதித்துவிட வேண்டும். ‘எச்2 டெஸ்ட் டபிள்யூ’, ‘எஃப்3’ முதலிய இலவசச் செயலிகள் அட்டை முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து, போலியாயின் காட்டிக்கொடுத்துவிடும். சோதனைக்குச் சில மணி நேரம் ஆகலாம். எனினும் ஒரு முறை செய்தால் போதும். தெருமுனையில் வைத்த கண்காணிப்புக் காமிராவில் இரவும் பகலும் பதிவு நடப்பதால், சாதாரண அட்டை விரைவில் தேய்ந்துவிடும். அதற்கு ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று குறிக்கப்பட்ட, நீடித்துழைக்கும் அட்டையையே வாங்குதல் வேண்டும்.

மெமரி கார்டைப் பத்திரப் பெட்டியாகக் கருதுவது தவறு. அது அறுவடையைக் களத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரும் கூடையைப் போன்றது. நெல்லைக் கூடையிலேயே ஆண்டுக்கணக்கில் யாரும் வைப்பதில்லை, குதிரில் சேர்க்கிறோம். மின்சாரத் தொடர்பின்றிப் பல ஆண்டுகள் கிடக்கும் அட்டையில், அறைகளில் அடைபட்ட மின்துகள்கள் சிறிது சிறிதாகக் கசிந்து, படங்கள் தாமே கெட்டுப்போவதும் உண்டு. எனவே எடுத்த படத்தை அன்றைய தினமே கணினிக்கு மாற்றி, இன்னொரு பிரதியை வேறொரு வன்தட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைக்க வேண்டும். இரண்டு பிரதிகளும் ஒரே கட்டடத்தில் இராமல் இருப்பது மேலும் நல்லது.

பழைய அட்டையை ஒதுக்கும்பொழுதும் எச்சரிக்கை தேவை. நீக்கிய படங்களும் மீட்கப்படக்கூடியவை என்று கண்டோம். பயனாளிகளின் ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் படங்கள் அதில் இருந்திருக்கலாம். அவை அந்நியர் கைக்குப் போனால் ஏழை எளியவர்களின் பணத்திற்கே ஆபத்து நேரும். ஆகவே அவ்வட்டையை இரண்டாக உடைத்து, மின்னணுக் கழிவோடு சேர்த்துவிட வேண்டும்.

பஞ்சாயத்துகளின் கடமை

இவற்றையெல்லாம் ஒருவருடைய ஞாபகத்திற்கு விட்டுவிடாமல், பஞ்சாயத்து ஒரு நிரந்தர ஏற்பாடாகச் செய்துகொள்வது விரும்பத்தக்கது. ஒவ்வோர் அட்டையின் மீதும் ஓர் எண் எழுதி, வாங்கிய தேதியைப் பதிவேட்டில் குறித்து வைக்கலாம். படங்களைப் பிரதி எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, எடுத்த தேதியையும் படங்களின் எண்ணிக்கையையும் எழுதிக் கையொப்பமிடச் செய்யலாம். மாதம் ஒரு முறை தலைவரோ அங்கத்தினர் ஒருவரோ அப்பிரதிகளுள் சிலவற்றைத் திறந்து பார்க்கலாம். கணினிப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய துணையைப் பெற்றால், இவ்வேலை மாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது.

தூர் எடுப்பதற்கு முன் எடுத்த குளத்தின் படத்தை எண்ணிப் பார்ப்போம். முடிந்த வேலையின் படம் தொலைந்தால் மறுநாள் சென்று மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். வேலை தொடங்குமுன் குளம் எப்படியிருந்தது என்பதைக் காட்டும் படம் தொலைந்தால், அதனை மீண்டும் எடுப்பதற்கு இடமே இல்லை. எவ்வளவு மண் எடுக்கப்பட்டது என்று தணிக்கையாளரோ கிராம சபையில் ஒருவரோ கேட்கும்பொழுது, நேர்மையாக வேலை செய்தவர்களும் விடை சொல்ல இயலாமல் நிற்க நேரிடும். மூழ்கிய பயிரின் படமும் அத்தகையதே. வெள்ளம் வடிந்த பிறகு அதனை யாரிடம் போய்க் கேட்பது?

ஆகையால், அழிய மறுக்கும் கோப்பு ஒன்றைக் கண்டால் சினந்து அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அட்டை நமக்கு முன்கூட்டியே தெரிவித்த எச்சரிக்கை என்று அதனைக் கொண்டு, அன்றைக்கே மற்றப் பதிவுகளைப் பத்திரமான இடத்தில் சேர்ப்போமாக. அதன் பின்னர், கெட்ட கோப்பை அகற்றுவதற்கு நமக்கு வேண்டிய அவகாசம் இருக்கும்.